உங்கள் ஓவியப் பாணியைக் கணினிக்குப் பழக்குவது எப்படி?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அவர்களுக்கென்று 24 பக்கத்தில் ஒரு கதைப் புத்தகம் செய்ய விரும்பினேன். எனக்கு ஓரளவு வரைய வரும். கறுப்பு மையில் கோடு இழுத்து, அதன்மேல் தேயிலைச் சாயத்தைத் தூரிகையால் பூசுவது என் வழக்கம். ஆனால் ஒரு படத்துக்கு இரண்டு மாலைகள் போய்விடும். ஆகவே செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் செயலி ஒன்றில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். வந்த பெண்ணின் தலையில் ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பி இருந்தது. வகுப்பில் காட்டியபோது ஐந்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இவர் எந்த ஊர்?"

அவளுடைய அம்மாவும் பாட்டியும் கொழுந்து பறிப்பவர்கள். அந்தப் பிள்ளை அடையாளம் காணாத ஒரு படத்தை அவளுக்கான புத்தகத்தில் போட என் மனம் ஒப்பவில்லை. என் கோடும் என் சாயமும் எங்கள் மலையும் தெரியும் ஒரு பாணியைக் கணினிக்குப் பழக்க முடியுமா என்று தேடத் தொடங்கினேன். முடியும். எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. வழி தெரிந்திருந்தால் படம் வரையும் நேரத்தைத் தவிர இரண்டே வாரத்தில் முடித்திருக்கலாம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பட்டதை நீங்கள் படவேண்டாம்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் முக்கால் பங்கு, கணினியைத் திறப்பதற்கு முன்னால் காகிதத்தின்மீதும் சொற்களின்மீதும் நடப்பது. நான் அதை அவசரமாக முடித்துவிட்டுப் பொத்தான்களோடு போராடினேன். ஐந்து மாதம் போனதற்கு அதுவே காரணம்.

1. எந்த வழி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாணியை உருவாக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வெறும் சொற்கள். "கறுப்பு மைக்கோடு, பழுப்பு நீர்ச்சாயம், கரடுமுரடான காகிதம்" என்று ஒவ்வொரு முறையும் கட்டளையில் எழுதுவது. செலவில்லை. ஆனால் முதற்படமும் ஐந்தாவது படமும் வெவ்வேறு கைகள் வரைந்தவை போல் இருக்கும். ஒரு சுவரொட்டிக்குப் போதும், புத்தகத்துக்குப் போதாது.

இரண்டாவது, மாதிரிப் படத்தைக் காட்டிக் கேட்பது. மிட்ஜர்னி என்ற படம் உருவாக்கும் சேவையில் இதற்கு 'எஸ்-ரெஃப்' என்ற கட்டளை இருக்கிறது. உங்கள் ஓவியத்தைக் கொடுத்தால் அதன் நிறத்தையும் தன்மையையும் பின்பற்றும். எவ்வளவு இறுக்கமாகப் பின்பற்றவேண்டும் என்பதை 0 முதல் 1000 வரை ஓர் எண்ணால் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் 100. மிகக் குறைந்த சந்தா மாதம் 10 டாலர். ஒரு டாலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000 ரூபாய். அந்தச் சந்தாவில் நீங்கள் செய்யும் படங்களை மற்றவர்களும் பார்க்கலாம். மறைத்து வைக்கும் வசதி மேல்நிலைச் சந்தாக்களுக்கு மட்டுமே. நான்கைந்து படம் அவசரமாக வேண்டுமென்றால் இந்த வழி நல்லது.

மூன்றாவது, உங்கள் ஓவியங்களைக் கொண்டு ஒரு சிறு கோப்பைப் பயிற்றுவிப்பது. இதை லோரா என்கிறார்கள். ஏற்கெனவே கோடிக்கணக்கான படங்களில் பழகிய பெரிய அடிப்படை மாதிரி (மாடல்) ஒன்றின்மேல், உங்கள் கைப்பழக்கத்தை மட்டும் தாங்கிய ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்துவது போன்றது. கோப்பு உங்களிடமே இருக்கும். சந்தா இல்லை. அறுபது படம் செய்தாலும் ஒரே கை. புத்தகமோ நாட்காட்டியோ வகுப்பறைப் படவரிசையோ செய்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். கீழே வருவது எல்லாம் இதைப் பற்றியே.

2. கையில் இருக்கவேண்டியவை

ஒரு சாதாரண மடிக்கணினி. படக் கணக்குகளை வேகமாகச் செய்யும் வரைகலை அட்டை (ஜிபியு) வேண்டியதில்லை. கனமான வேலையை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணினியில் செய்யப்போகிறோம். கேகிள் என்ற தளம் வாரத்துக்கு ஏறத்தாழ 30 மணி நேரம் வரைகலை அட்டையோடு கூடிய கணினியைக் காசில்லாமல் தருகிறது. கணக்குத் திறக்க மின்னஞ்சல் போதும். வரைகலை அட்டையையும் இணையத்தையும் பயன்படுத்தத் தொலைபேசி எண்ணை உறுதிசெய்யவேண்டும். குறுஞ்செய்தியில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். மலையின் பின்பக்கத்தில் சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள். செய்தி வந்து சேர்வதற்குள் எண்ணின் நேரம் முடிந்துவிடும். நான் ரோட்டடிக்கு இறங்கிப் போய்த்தான் செய்தேன்.

கடன் அட்டை தேவையில்லை. இரண்டாம் வழிக்குப் போகிறவர்கள் மட்டும், தங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பணம் கட்டிய அன்றே சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்தியும் விடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை சேவை இருக்கும்.

அடுத்தது அனுமதிக் கடிதங்கள். பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. பயிற்சிக்குக் கொடுக்கும் ஓவியம் உங்களுடையதாக இருந்தால் கவலையில்லை. மற்றவருடையது என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை, படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. பழைய பத்திரிகையில் வந்த ஓவியம், யாரோ சுற்றுலாப் பயணி எடுத்து இணையத்தில் போட்ட கொழுந்துக்காரப் பெண்ணின் படம் எல்லாவற்றுக்கும் உரியவர் உண்டு. கடிதம் நீளமாக இருக்கவேண்டாம். எத்தனை ஓவியங்கள், எதற்காக, கணினியைப் பழக்கப் பயன்படுத்துவது, அதிலிருந்து வரும் படங்கள் விற்கப்படுமா என்ற நான்கு விடயங்கள், திகதி, கையொப்பம். மலையகத்தில் ஆடும் காமன் கூத்துக்கு வேடம் கட்டும் ஒரு பெரியவர் வரைந்து வைத்திருந்த மூன்று முகங்களை நான் அப்படித்தான் வாங்கினேன். கடிதத்தை வாசித்துக் காட்டியதும், "கேட்டு வாங்குகிறாயே, அது போதும் பிள்ளை" என்றார். பிள்ளைகளின் முகப் படங்களைப் பயிற்சிக்குப் போடவே வேண்டாம். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

அடிப்படை மாதிரியின் உரிமத்தையும் பாருங்கள். நான் எடுத்தது ஸ்டேபிள் டிஃபியூஷன் எக்ஸ்எல். 2023 ஜூலையில் வெளியானது. அதன் உரிமம் சில தடைகளோடு வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. அதற்குப் பின் வந்த ஃபுளக்ஸ் என்ற மாதிரியின் 'டெவ்' வடிவம் தெளிவான படம் தரும். ஆனால் அதன் உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கானது. உரிமப் பக்கத்தைத் திகதியோடு சேமித்து, அனுமதிக் கடிதங்களின் படங்களோடு ஒரே உறையில் வையுங்கள்.

3. இருபத்து நான்கு படங்கள்

பாணியைப் பழக்க 15 முதல் 30 படங்கள் போதும். நான் முதலில் 60 படங்களைச் சேர்த்தேன். பாடசாலைக் காலத்தில் பென்சிலில் வரைந்தவை, நிறப் பென்சிலில் செய்தவை எல்லாம் அதில் இருந்தன. வந்த பாணி எதுவுமாக இல்லை. பிறகு மையும் சாயமும் மட்டும் உள்ள 24ஐத் தேர்ந்து, குறைந்தவற்றைப் புதிதாக வரைந்தேன். மூன்று வாரம் போனது.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். பாணி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும், பொருள் எல்லாவற்றிலும் வேறாக இருக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணை 24 முறை வரைந்தால், கணினி பாணியைப் பழகாது, அந்தப் பெண்ணைப் பழகும். என்னுடைய பட்டியலில் லயத்து இஸ்தோப்பு (தோட்டத்து வரிசை வீட்டின் முன்திண்ணை), பிரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), மழையில் கொங்காணி (தலையையும் முதுகையும் மூடும் மழை மறைப்பு) போட்டு நடக்கும் கிழவர், அடுப்படி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம், கோழி, வெறும் கை, வெறும் மரம், கோயில் தேர், காஸல்ரீ நீர்த்தேக்கம் எல்லாம் வந்தன. அருகிலிருந்து பார்ப்பது ஆறு, தூரத்திலிருந்து பார்ப்பது ஆறு, நடுத்தரத் தூரத்தில் பன்னிரண்டு என்று பிரித்தேன். மனிதர் இல்லாத படங்கள் குறைந்தது ஐந்து இருக்கட்டும். இல்லாவிட்டால் வெறும் பாதையைக் கேட்டாலும் நடுவில் ஒருவர் வந்து நிற்பார்.

சாயத்தைப் பற்றி ஒரு சொல். ஒரே தேயிலைத்தூளில், ஒரே அளவு தண்ணீரில் சாயம் இறக்குங்கள். பனிமூட்டத்துக்கு ஒரு பூச்சு, சுவரின் நிழலுக்கு மூன்று பூச்சு என்று ஒழுங்கு வைத்துக்கொண்டால் கணினியும் அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும். நீர்வண்ணமோ கரித்துண்டோ கோலப்பொடியோ, உங்கள் ஊடகம் எதுவானாலும் இதே ஒழுங்கு வேண்டும்.

4. ஸ்கேன் செய்வது

கைத்தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். மூட்டமான காலையில் எடுத்தவை நீலம் பாய்ந்திருந்தன, மாலையில் குண்டு பல்பின் கீழ் எடுத்தவை மஞ்சள் பாய்ந்திருந்தன. காகிதத்தின் மூலையில் மேசை விளிம்பின் நிழல் விழுந்திருந்தது. பயிற்சி முடிந்தபின் வந்த ஒவ்வொரு படத்திலும், இடதுபக்கக் கீழ் மூலையில் ஒரு சாம்பல் நிழல். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது.

டவுனில் போட்டோ கொப்பி எடுக்கும் கடையில் தட்டை ஸ்கேனர் இருக்கும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறத்தில், தானாகத் திருத்தும் வசதியை நிறுத்தி, ஜேபெக் அல்லாமல் பிஎன்ஜி கோப்பாகக் கேளுங்கள். தானாகத் திருத்துவதை நிறுத்தாவிட்டால் சாயத்தின் முதற்பூச்சு வெளிறிக் காணாமற்போகும். கடைகளில் பக்கத்துக்கு விலை சொல்வார்கள். 24 பக்கம் ஒன்றாக என்று சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஸ்கேனரின் கண்ணாடியை நீங்களே ஒரு துணியால் துடையுங்கள். ஒரு தூசிக்கோடு 24 படத்திலும் விழுந்தால் அதுவும் உங்கள் பாணியாகிவிடும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த காகிதங்களையும் சேர்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் காகித விளிம்பு தெரியாமல் வெட்டுங்கள். சிறிய பக்கம் 1024 புள்ளிகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். எல்லாவற்றையும் சதுரமாக்க வேண்டியதில்லை. நீளப் படம், அகலப் படம் இரண்டையும் ஏற்கும் வசதி பயிற்சி நிரலில் உண்டு.

5. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு

இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில் ஓர் எழுத்துக் கோப்பு வேண்டும். படம் 'பூஜ்யம் ஒன்று' என்றால் அதன் குறிப்பும் 'பூஜ்யம் ஒன்று'. அதில் அந்தப் படத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். சில உரையாடல் செயலிகள் தமிழை நன்றாக விளங்கிக்கொள்கின்றன. இந்த மாதிரி அப்படியல்ல, பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளைக் கொண்டு பழகியது. தமிழில் எழுதினால் தொடர்பில்லாத எதையோ தரும்.

முதலில் உங்கள் பாணிக்கு ஓர் அழைப்புச் சொல் வையுங்கள். பின்னால் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் பாணி எழுந்து வரும். ஏற்கெனவே பொருள் உள்ள சொல்லாக இருக்கக்கூடாது. நான் முதலில் 'டீ ஸ்டைல்' என்று வைத்தேன். மாதிரிக்கு 'டீ' என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். பாடசாலை வாசலைக் கேட்டால் படியில் ஒரு கோப்பை, ஆற்றைக் கேட்டால் கரையில் ஒரு கோப்பை. பிறகு 'சாயம்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, அதன் பின்னால் ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை ஒட்டினேன். எந்த அகராதியிலும் இல்லாத சொல். அதுதான் வேண்டும்.

இனி விதி: படத்தில் உள்ள பொருளை எல்லாம் சொல்லுங்கள், பாணியைச் சொல்லாதீர்கள். நீங்கள் பெயர் சொல்லும் எதையும் கணினி தனியே பிரித்து வைத்துக்கொள்ளும். வேண்டும்போது வரும், வேண்டாதபோது போகும். பெயர் சொல்லாமல் விட்டவை எல்லாம் அழைப்புச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மைக்கோடு, பழுப்புச் சாயம், காகிதத்தின் சொரசொரப்பு ஆகியவற்றைக் குறிப்பில் எழுதக்கூடாது. அவைதான் ஒட்டிக்கொள்ளவேண்டியவை.

நான் தவறிய இடத்தைக் காட்டுகிறேன். என் 24 படங்களில் ஒன்பதில் கொழுந்துக் கூடை இருந்தது. எல்லாக் குறிப்பிலும் "மலைச் சரிவில் நிற்கும் பெண்" என்று மட்டும் எழுதியிருந்தேன். கூடையை எழுதவில்லை. எனக்கு அது பெண்ணோடு சேர்ந்த ஒன்றாகவே தெரிந்தது. பயிற்சி முடிந்ததும், விளக்கின் கீழ் புத்தகம் வாசிக்கும் சிறுமியைக் கேட்டேன். வந்தாள். மை சரி, சாயம் சரி. ஆனால் அவள் தலையிலிருந்து ஒரு கயிறு இறங்கி, முதுகில் கூடை தொங்கியது. கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியரைக் கேட்டேன், அவர் முதுகிலும் கூடை. வாசிக்கும் பிள்ளையின் முதுகில் நானே கூடையை ஏற்றிவிட்டேனே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே படத்துக்கு இப்போது நான் எழுதியிருக்கும் குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "அழைப்புச் சொல், நடுத்தர வயதுப் பெண், தேயிலைச் செடிகளின் நடுவே நிற்கிறார், தலையில் மடித்த துணி, தலை உச்சியிலிருந்து கயிற்றால் தொங்கும் கூடை முதுகில், இடுப்பில் படங்குச் சாக்கு, வெறுங்கால், பின்னால் நிழல் மரம், பக்கவாட்டுப் பார்வை." இவ்வளவும் சொன்னபிறகு கூடை இறங்கியது. கேட்டால் வருகிறது, கேட்காவிட்டால் வருவதில்லை.

குறிப்பு 50 சொற்களுக்குள் இருக்கட்டும். மாதிரி வாசகத்தைத் துணுக்குகளாக்கித்தான் வாசிக்கிறது. 75 துணுக்குகளுக்கு மேற்பட்டவை வெட்டுப்பட்டுவிடும். லயம், பிரட்டுக்களம், கொங்காணி போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் பயனில்லை, மாதிரி அறியாது. "ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சிறு அறைகள், தகரக் கூரை, முன்னால் தாழ்ந்த திண்ணை" என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். தானாகக் குறிப்பு எழுதித் தரும் கருவிகளும் இருக்கின்றன. எங்கள் மலைக்கு அவற்றை நம்பவேண்டாம். கொங்காணியைப் போர்வை என்றும் பிரட்டுக்களத்தைச் சந்தை என்றும் எழுதும்.

24 குறிப்புகளுக்கு மூன்று மாலைகள் ஒதுக்குங்கள். எழுதி முடித்ததும் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் குறிப்பை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் மனத்தில் அதே காட்சி எழுந்தால் சரி.

6. பயிற்சி

படங்களையும் குறிப்புகளையும் ஒரே கோப்புறையில் போட்டு, கேகிளில் தனிப்பட்ட தரவுத்தொகுதியாக ஏற்றுங்கள். கோயா என்ற நிரல்தொகுதி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் கோப்புறைப் பெயரின் தொடக்கத்தில் உள்ள எண், ஒவ்வொரு படமும் ஒரு சுற்றில் எத்தனை முறை காட்டப்படவேண்டும் என்பதைச் சொல்லும். நான் 10 என்று வைத்தேன். 24 படம், 10 முறை, 8 சுற்று: மொத்தம் 1,920 அடிகள் (ஸ்டெப்). கற்கும் வேகம் 0.0001, அளவு 1024, லோராவின் பருமன் 32, ஒரு நேரத்தில் ஒரு படம். தொடங்குபவர்களுக்கு இந்த எண்கள் போதும்.

இரண்டு பொறிகளைச் சொல்லவேண்டும். கேகிள் தரும் டி4 அட்டையில் 'எஃப்பி16' என்ற பதினாறு பிட் முறையைத் தேர்ந்தெடுங்கள். 'பிஎஃப்16' அதற்கு ஒத்துவராது. எஃப்பி16 தேர்ந்ததும் 'நோ ஹாஃப் விஏஇ' என்ற தெரிவையும் சேர்க்கவேண்டும். இந்த மாதிரியில் படத்தைச் சுருக்கி விரிக்கும் பகுதி அரைத் துல்லியத்தில் கணக்குப் பிசகி, முழுக் கறுப்புப் படத்தைத் தரும். கறுப்புச் சதுரங்கள் வந்தால் உங்கள் ஓவியத்தில் குறையில்லை, காரணம் இதுதான்.

மற்றது மின்வெட்டு. காற்றும் மழையும் வந்தால் எங்கள் பக்கம் மின்சாரம் போவது வழமை. உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டு பயிற்சி நடத்தினால், இணைப்புப் போய்ச் சற்று நேரத்தில் வேலை நின்றுவிடும். கேகிளில் 'சேவ் வெர்ஷன்' என்பதை அழுத்தி, முழுவதையும் ஓட்டிச் சேமிக்கும் தெரிவை எடுங்கள். அதன்பிறகு உங்கள் கணினியை மூடினாலும், வீட்டில் விளக்கே இல்லாவிட்டாலும், வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும். எனக்கு இரண்டரை மணி நேரம் எடுத்தது. அதை ஓடவிட்டதும், திறந்து வைத்திருந்த அமர்வை மறக்காமல் நிறுத்துங்கள். சும்மா திறந்திருந்தாலும் உங்கள் 30 மணி நேரம் கரையும்.

டேட்டா செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: அடிப்படை மாதிரியின் கோப்பு ஏறத்தாழ 7 ஜிபி. அதை உங்கள் கணினியில் இறக்காதீர்கள். மாதிரிகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்திலிருந்து நேராகக் கேகிளின் கணினிக்கு இறக்கும்படி நிரலில் எழுதினால் உங்கள் டேட்டாவில் ஒன்றும் குறையாது. உங்கள் பக்கத்திலிருந்து போவது 24 படங்கள் மட்டுமே.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கோப்பைச் சேமிக்கச் சொல்லுங்கள். எட்டுக் கோப்புகள் கிடைக்கும்.

7. எட்டில் எது?

கடைசிக் கோப்புதான் சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. அளவுக்குமேல் பழகிய கோப்பு உங்கள் 24 ஓவியங்களையே திருப்பித் திருப்பித் தரும். எட்டையும் உங்கள் கணினிக்கு இறக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 எம்பி வரும். கேகிளிலேயே சோதித்து ஒன்றை மட்டும் இறக்குங்கள்.

சோதனைக்கு, நீங்கள் ஒருபோதும் வரையாத பொருட்களைக் கேளுங்கள். நான் கேட்டவை: கப்பல், ஒட்டகம், மருத்துவமனைக் கட்டில், மழைக்குடையோடு ஓடும் பையன், வெறும் நாற்காலி. படம் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை (சீட்) ஒன்றாகவே வைத்து எட்டுக் கோப்பிலும் ஐந்தையும் எடுத்து, வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் கோப்பில் நிறம் வந்திருந்தது, கோடு வரவில்லை. எட்டாம் கோப்பில் ஒட்டகத்தின் பின்னால் காஸல்ரீ நீர்த்தேக்கம் நின்றது. ஆறாம் கோப்பின் நாற்காலியை உருப்பெருக்கிப் பார்த்தேன். தேயிலைச் சாயம் காகிதத்தில் உலரும்போது அதன் விளிம்பில் மெல்லிய கருங்கோடு ஒன்று படியும். சாயத்தில் வரைந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். நாற்காலியின் கால்களுக்குக் கீழே விழுந்த நிழலைச் சுற்றி அந்தக் கோடு இருந்தது. நான் நாற்காலி வரைந்ததே இல்லை. என் கை அங்கே இருந்தது. ஆறாம் கோப்பை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் ஊடகத்திலும் இப்படி ஒரு சிறு அடையாளம் இருக்கும். அதைத் தேடுங்கள்.

பயன்படுத்தும்போது லோராவின் வலிமையை 0.7 முதல் 0.9 வரை வையுங்கள். 1க்கு மேலே போனால் முகங்கள் உருக்குலையும்.

8. பாணி வந்துவிட்டது, மலை வரவில்லை

பழகியது உங்கள் கோட்டையும் சாயத்தையும்தான். லயத்தின் அமைப்பையும், கூடை தொங்கும் விதத்தையும் அடிப்படை மாதிரி இன்னும் அறியாது. சொல்லில் எவ்வளவு விவரித்தாலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப வரும். இதற்கு நான் கண்ட தீர்வு எளியது. பென்சிலில் ஐந்து நிமிடத்தில் ஒரு சிறு கோட்டுப்படம் கீறுங்கள். அதைக் கொடுத்து, 'படத்திலிருந்து படம்' என்ற முறையில், மாற்றத்தின் அளவை 0.5க்கும் 0.6க்கும் இடையில் வைத்துக் கேளுங்கள். அமைப்பு உங்களுடையதாகவே இருக்கும், மையும் சாயமும் மேலே வரும். இரண்டு மாலை வேலை அரைமணி நேரமாகிறது.

கோட்டுப்படத்தை ஊராருக்குக் காட்டுங்கள். பக்கத்துக் காம்பராப் (லயத்து அறை) பெரியம்மா, முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், என் கீறலைப் பார்த்ததும் விரலை வைத்தார்: "கயிறு நெற்றியில் அல்ல, உச்சியில். நெற்றியில் போட்டால் மத்தியானத்துக்குள் கழுத்துப் போய்விடும். இப்போது எங்கள் மலையில் கூடையும் இல்லை பிள்ளை, சாக்குப் பைதான்." நான்கு பக்கங்களை மாற்றினேன். புத்தகத்தில் பாட்டியின் முதுகில் கூடை, அம்மாவின் முதுகில் பை.

9. எழுத்தும் அச்சும்

படத்துக்குள் தமிழ் எழுத்தைக் கேட்காதீர்கள். இந்த மாதிரியில் கிறுக்கல்தான் வரும். பாடசாலைப் பலகை, கடைப் பெயர் எல்லாவற்றையும் வெறுமையாக விட்டு, இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் பின்னர் எழுதுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்துரு ஒரு பெரிய பொறி. நம் நாட்டில் இன்னும் பல அச்சகங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. நீங்கள் யுனிகோடில் தட்டச்சு செய்ததைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் எழுத்துகள் உடையும். எனக்கு முதல் மாதிரி அச்சில் 'கொழுந்து' என்ற சொல்லின் கொம்பு, 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன்பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது. மாற்றுவதற்கு முன்பே இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

அளவு: இந்த மாதிரி தரும் 832 × 1216 புள்ளிப் படம், 300 டிபிஐயில் ஏறத்தாழ 7 × 10 சென்ரிமீற்றர்தான் வரும். ஏ5 பக்கத்துக்கு 1748 × 2480 புள்ளிகள் வேண்டும். ரியல்-எஸ்ர்கான் போன்ற இலவசக் கருவியால் நான்கு மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். சுற்றிலும் 3 மில்லிமீற்றர் வெட்டுக்கு விடுங்கள். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடவேண்டும்.

சாயத்தின் பழுப்பு திரையில் ஒன்றாகவும் அச்சில் ஒன்றாகவும் இருக்கும். மினுக்கும் ஆர்ட் காகிதத்தில் என் பனிமூட்டம் இளஞ்சிவப்பாகிவிட்டது. மினுக்கில்லாத காகிதத்தில் சரியாக வந்தது. புத்தகம் அடிக்கப்போகும் அதே காகிதத்தில் ஒரே ஒரு பக்கத்தை முதலில் அடித்துத் தரச் சொல்லுங்கள். அதற்குக் கேட்கும் காசைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில், மூல ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மீதி 23 பக்கத்துக்கும் சரி சொல்லுங்கள்.